கதவு முதலில், ஹீட்டர் அப்புறம்: குளிர் ஊரில் வாட்டர் வாஷ் ஷெட் போடுகிறவர்களுக்கு

ஹீட்டர் விலைப்பட்டியலைக் கொஞ்ச நேரம் மூடி வையுங்கள். முதலில் கதவை முடிவு செய்வோம்.

நான் மூணாறுக்காரன். கனடாவில் ஆல்பர்ட்டா மாகாணத்தில் வண்டி கழுவும் ஷெட்டுகளுக்குக் கதவு மாட்டுவது, ஹீட்டர் பழுது பார்ப்பது என்று பல வருஷம் வேலை பார்த்தேன். இப்போது தேவிகுளம் ரோட்டில் தம்பியோடு சேர்ந்து வாட்டர் சர்வீஸ் நடத்துகிறேன். என் அக்கா மகன் அதே மாகாணத்தில் எட்மண்டன் நகரில் நாலு ஷெட் உள்ள ஒரு இடத்தைக் குத்தகைக்கு எடுக்கப் போகிறான். "மாமா, ஹீட்டருக்கு எவ்வளவு ஒதுக்கலாம்?" என்று ஃபோனில் கேட்டான். "அங்கே என்ன கதவு போட்டிருக்கு மாப்ள, அதைச் சொல்லு முதல்ல" என்றேன். அவனுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே முழுசாக எழுதுகிறேன். மூணாறு, வட்டவடை, ஊட்டி போன்ற நம் மலை ஊர்களில் ஷெட் போடுகிறவர்களுக்கு வேண்டியதைக் கடைசியில் தனியாகச் சொல்கிறேன். இரண்டையும் கலந்துவிடக் கூடாது. எட்மண்டனில் மைனஸ் 30 வரை போகும். நமக்கு மூணாறு பக்கம் செண்டுவாரையிலும் லெட்சுமி எஸ்டேட்டிலும் ஜனவரி விடியலில் புல்வெளி வெளுத்துக் கிடக்கும், பத்து மணி வெயிலில் அது கரைந்தும் போகும்.

கதவு ஏன் முதலில் என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 8 மீட்டர் நீளம், 4.5 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரம் உள்ள ஒரு ஷெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே 144 கன மீட்டர் காற்று இருக்கிறது. வெளியே மைனஸ் 25, உள்ளே 10 டிகிரி. உள்ளே இருக்கும் காற்று முழுவதும் ஒரு தடவை வெளியே போய், அதே அளவு குளிர்ந்த காற்று வந்துவிட்டால், அதை மறுபடி 10 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய ஒன்றேமுக்கால் யூனிட் சூடு வேண்டும். 30 கிலோவாட் ஹீட்டர் மூன்றரை நிமிஷம் முழு மூச்சில் எரிய வேண்டிய வேலை அது. பத்தடிக்குப் பத்தடி கதவு முழுக்கத் திறந்திருக்க, அதன் பாதி வழியாக விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் இளங்காற்று நுழைந்தாலே போதும், அரை நிமிஷத்தில் ஷெட் காலி.

இப்போது கதவின் வேகத்தைப் பாருங்கள். சாதாரண மோட்டார் போட்ட மடிப்புப் பலகைக் கதவு விநாடிக்கு 20 சென்டிமீட்டர் போலத்தான் ஏறும். மூன்று மீட்டர் ஏற 15 விநாடி, இறங்க 15 விநாடி, நடுவில் வண்டி நுழைய ஒரு 15 விநாடி. விநாடிக்கு ஒரு மீட்டர் போகிற அதிவேகச் சுருள் கதவாக இருந்தால் ஏற மூன்று, இறங்க மூன்று. மெதுவான கதவில் ஒரு வண்டி நுழைவதற்குள் ஷெட்டின் காற்று முழுசாக மாறிவிடும். வேகமான கதவில் பாதிக்குக் கொஞ்சம் கூடுதலாக மாறும். வண்டி வெளியே போகும்போது இன்னொரு தடவை இதே கதை. பனிக்காலம் முழுக்க, ஒரு நாளில் வருகிற எல்லா வண்டிக்கும் இதைப் பெருக்கிப் பாருங்கள். எவ்வளவு பெரிய ஹீட்டர் வாங்கினாலும் இந்த ஓட்டையை அடைக்க முடியாது.

ஆல்பர்ட்டாவிலேயே கேல்கரி நகரப் பக்கம் இன்னொரு விசேஷம் உண்டு. மலையிலிருந்து சினூக் என்ற வெப்பக் காற்று இறங்கினால் சில மணி நேரத்திலேயே இருபது டிகிரி ஏறிவிடும். அன்றைக்கு ஊரே, பனி உருக ரோட்டில் தூவும் உப்பு பிடித்த வண்டியைக் கழுவ வரிசையில் நிற்கும், கதவு ஓயாது. அங்கே கதவின் வேகத்தோடு, அது எத்தனை ஆயிரம் தடவை ஏறி இறங்கத் தாங்கும் என்பதையும் கேட்டு வாங்க வேண்டும். கதவின் கனத்தைத் தாங்கும் ஸ்பிரிங்குக்கு இத்தனை சுற்று என்று ஒரு கணக்கு உண்டு. வீட்டு கராஜ் கதவுக்குப் போடுகிற ஸ்பிரிங் வாஷ் ஷெட்டில் சீக்கிரமே முறிந்துவிடும்.

சரி, எந்தக் கதவு?

உப்புத் தண்ணீர், ஷாம்பு, ஆசிட் கலந்த சக்கரம் கழுவும் திரவம் எல்லாம் நாள் முழுக்கத் தெறிக்கிற இடம் இது. இரும்புத் தகட்டுக் கதவு வேண்டாம். நடுவில் ஃபோம் அடைத்த இரும்புக் கதவு கேட்டலாக்கில் கதகதப்பாகத் தெரியும். ஆனால் ஓரம் துருப்பிடித்து, ஃபோமுக்குள் தண்ணீர் இறங்கி, கதவு கனத்துப் போகும். கனம் கூடினால் ஸ்பிரிங்கின் சமநிலை கெடும், மோட்டார் திணறும். மரத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது, அனோடைஸ் செய்த (அரிக்காதபடி மேல்பரப்பைக் கெட்டிப்படுத்திய) அலுமினியச் சட்டத்தில், பாலிகார்பனேட் என்ற வெளிச்சம் ஊடுருவும் கெட்டி பிளாஸ்டிக்கில் பல அடுக்கு ஷீட் போட்ட பலகைக் கதவு. அடுக்குகளுக்கு நடுவே காற்று அடைபட்டிருப்பதால் குளிரை ஓரளவு தடுக்கும், துருப்பிடிக்காது, வெளிச்சம் உள்ளே வரும். வெளிச்சம் சின்ன விஷயம் இல்லை. பனிக்காலத்தில் அங்கே நாலரை மணிக்கே இருட்டிவிடும். உள்ளே விளக்கு எரிகிற பாலிகார்பனேட் கதவு, கடை திறந்திருக்கிறது என்று ரோட்டில் போகிறவனுக்குத் தானாகவே சொல்லும். கீல், உருளை, திருகு, தண்டு எல்லாமே ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்க வேண்டும். ஸ்பிரிங்காவது குறைந்தபட்சம் துத்தநாகம் பூசியதாக இருக்கட்டும். பலகை நல்லதாகவும் கீல் மட்டமாகவும் வரும் கதவுகள் நிறைய உண்டு. விற்பவர் பலகையைத் தட்டிக் காட்டும்போது நீங்கள் கீலைப் பாருங்கள்.

வண்டிகள் இடைவிடாமல் வரும் தானியங்கி ஷெட்டுக்கு வினைல் துணியில் செய்த அதிவேகச் சுருள் கதவு பொருந்தும். குளிரைத் தடுப்பதில் அது பாலிகார்பனேட்டுக்குக் கீழேதான், ஆனால் திறந்திருக்கும் நேரம் குறைவு என்பதால் மொத்தத்தில் ஜெயிக்கும். வண்டி இடித்தால் தண்டவாளத்தை விட்டுக் கழன்று, மறுபடி தானாக மாட்டிக்கொள்ளும் வகையைக் கேளுங்கள். இடிக்கத்தான் இடிப்பார்கள்.

கதவைத் தூக்குவதற்கு மின் மோட்டாரைவிடக் காற்றழுத்த சிலிண்டர் எனக்குப் பிடிக்கும். ஈரத்தில் மோட்டாரும் சர்க்யூட்டும் கெட்டுப் போகும், காற்று சிலிண்டருக்கு அந்தத் தொல்லை இல்லை. கரண்ட் போனால் காற்றை இறக்கிவிட்டுக் கதவைக் கையால் தூக்கலாம். ஒரே நிபந்தனை: கம்ப்ரசருக்குப் பின்னால் ஏர் டிரையர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குழாயில் தங்கிய ஈரம் உறைந்து, குளிர் கடுமையான நாளில்தான் கதவு நடுவழியில் நிற்கும். கதவின் அடியில் ஆளோ வண்டியோ நின்றால் இறங்காமல் தடுக்கும் சென்சாரும், பட்டவுடன் மேலேறும் அடிப்பட்டையும் கட்டாயம். ஸ்பிரிங்கை மட்டும் நீங்களாகக் கழற்றாதீர்கள். இறுக்கிச் சுற்றிய ஸ்பிரிங்கில் இருக்கும் விசை கையை ஒடித்துவிடும், அதற்கென்று பழகிய ஆள் வேண்டும்.

கதவின் அடி ரப்பர் தரையைத் தொடும் இடம் பலருக்கும் மறந்து போகும். ராத்திரி அங்கே தண்ணீர் தேங்கினால் ரப்பரும் தரையும் ஒன்றாக உறையும். காலையில் பட்டனை அமுக்கினால் ரப்பர் கிழியும், அல்லது கதவின் அடிப்பலகை கழன்று வரும். தரையின் வாட்டம் கதவுக் கோட்டிலிருந்து உள்பக்கச் சாக்கடையை நோக்கி இருக்க வேண்டும். கான்கிரீட் போடும் நாளில் அங்கே நின்று, மட்டம் வைத்து வாட்டத்தைப் பார்த்துவிடுங்கள். அப்புறம் மாற்ற முடியாது.

இப்போது ஹீட்டருக்கு வருவோம். காற்றைச் சூடாக்குவது வீண் என்று மேலே போட்ட கணக்கே சொல்லிவிட்டது. அப்படியானால் எதைச் சூடாக்குவது? தரையை. அதே ஷெட்டின் தளம் 15 சென்டிமீட்டர் கனம் என்றால் கிட்டத்தட்ட 13 டன் கான்கிரீட். அது ஒரே ஒரு டிகிரி ஆறினால் மூன்று யூனிட்டுக்கு மேல் சூடு கொடுக்கும். ஷெட்டின் மொத்தக் காற்றையும் ஏறக்குறைய இரண்டு தடவை சூடாக்கப் போதுமான அளவு அது. அடுப்பை அணைத்த பிறகும் சுடுகிற தோசைக்கல் மாதிரி, கதவு திறந்து மூடியதும் தளம் தானே ஷெட்டை மீட்டுக் கொடுக்கும்.

புதிதாகக் கட்டினால் தளத்துக்குள் பெக்ஸ் என்ற வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக் குழாய் ஓட்டி, பாய்லரிலிருந்து புரோபிலீன் கிளைக்கால் கலந்த வெந்நீரைச் சுற்றவிடுங்கள். கிளைக்கால் இருந்தால் பாய்லர் நின்று போனாலும் குழாய் உறைந்து வெடிக்காது. எத்திலீன் கிளைக்கால் விஷம், அதைத் தவிர்க்கலாம். தளத்துக்கு அடியிலும் ஓரங்களிலும் கெட்டியான ஃபோம் பலகை போட வேண்டும், இல்லாவிட்டால் நிறையச் சூடு மண்ணுக்குப் போகும். குழாய் கதவுக் கோட்டோடு நின்றுவிடக் கூடாது. வெளியே வண்டி இறங்கும் முகப்புத் தளம் வரை ஓட வேண்டும். கழுவிய வண்டியிலிருந்து சொட்டும் தண்ணீர் அங்கேதான் கண்ணாடியாக உறையும், ஆட்கள் அங்கேதான் வழுக்கி விழுவார்கள். தரைச்சூட்டுக்கு ஒரு குறை உண்டு: ஏறவும் இறங்கவும் மணிக்கணக்காகும். அதை அணைத்து அணைத்துப் போடாமல் பனிக்காலம் முழுக்க ஒரே நிலையில் விட்டுவிட வேண்டும்.

ஏற்கெனவே கட்டிய ஷெட்டில் தளத்தை உடைக்க முடியாது. அங்கே கதிர்வீச்சுக் குழாய் ஹீட்டர்தான் சரி. ஒரு முனையில் பர்னர் எரியும், நீண்ட இரும்புக் குழாய் சூடேறும், மேலே உள்ள பளபளப்பான தகடு அந்தச் சூட்டைக் கீழே திருப்பும். காற்றைவிடத் தரையும் வண்டியும் மனிதனும் அதில் சூடேறுவார்கள். வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். குழாயும் தகடும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா? பர்னர் பெட்டி ஈரம் புகாதபடி மூடியதா? எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து தனிக் குழாய் வழியாக எடுக்கிறதா? கடைசிக் கேள்விதான் முக்கியம். ஷெட்டுக்குள் இருக்கும் உப்பு ஈரத்தையும் ரசாயன ஆவியையும் பர்னர் உறிஞ்சினால் உள்ளே எல்லாம் அரித்துவிடும். ஃபேன் வைத்து ஊதும் காஸ் ஹீட்டர்களிலும் இதே நோய்தான், அவற்றின் வெப்பப் பரிமாற்றி ஓட்டையாவதை நிறையவே பார்த்திருக்கிறேன். ஓட்டை விழுந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு ஷெட்டுக்குள் வரும்.

கதவும் ஹீட்டரும் மோதிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. பலகைக் கதவு திறந்ததும் கூரைக்கு அடியில் படுத்துக்கொள்ளும். அதற்கு நேர்மேலே குழாய் ஹீட்டர் இருந்தால் பாலிகார்பனேட் உருகி நெளியும், ரப்பர் கருகும். கதவு மூடியிருக்கும்போது அளந்துவிட்டுப் போகிறவர்களுக்கு இது தெரியாது. கதவைத் திறந்து வைத்துத்தான் ஹீட்டருக்கு இடம் அளக்க வேண்டும். எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பது ஹீட்டரின் தகட்டிலேயே அச்சடித்திருக்கும். பிக்கப் வண்டியின் மேலே கட்டிய ஏணி, தூக்கிய டிக்கிக் கதவு, இவற்றையும் சேர்த்து அளவெடுங்கள். கூரை உயரமாக இருந்தால் கதவைச் செங்குத்தாக மேலே ஏற்றும் தண்டவாளம் போடலாம். சுருள் கதவில் இந்தச் சிக்கலே இல்லை. ஹீட்டரை முதலில் வாங்கி மாட்டியவர்கள் கதவு மாற்றும்போது இரண்டாவது செலவு செய்வது இதனால்தான்.

தெர்மோஸ்டாட்டை 5 முதல் 10 டிகிரிக்குள் வையுங்கள். தண்ணீர் உறையாமல், கைவிரல் விறைக்காமல் இருந்தால் போதும். வீட்டைப் போல 20 வைத்தால் ஈரம் அதிகமாக ஆவியாகி, குளிர்ந்த சுவரிலும் கதவிலும் வழியும். ஈரத்தை அளந்து ஓடும் வெளியேற்று ஃபேனும், கார்பன் மோனாக்சைடு அலாரமும் தேவை. காஸ் வேலையை ஆல்பர்ட்டாவில் உரிமம் உள்ளவர்தான் செய்யலாம், பெர்மிட்டும் எடுக்க வேண்டும். தெரிந்த பையனை வைத்து முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

மருமகனுக்கு இன்னொன்றும் சொன்னேன். குத்தகைக் கையெழுத்துக்கு முன்னால், குளிர் நாள் ஒன்றில் காலை முதல் வண்டி வரும் நேரத்துக்கு அங்கே போய் நில். கதவு முதல் அழுத்தத்தில் ஏறுகிறதா, அடி ரப்பர் கிழிந்திருக்கிறதா, முகப்பில் பனிக்கட்டி இருக்கிறதா, பர்னர் பெட்டியின் அடியில் துரு வழிந்த கோடு இருக்கிறதா என்று பார். போன இரண்டு பனிக்காலத்து காஸ் பில்லைக் கேள். கொடுக்கத் தயங்கினால் விலையைக் குறைத்துக் கேள்.

இனி நம் மலைக்கு வருவோம். மூணாறில் எனக்குப் பெரிய எதிரி காற்றும் சாரலும். ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை பக்கவாட்டில் அடிக்கும். குளிர்காலத்தில் வடகிழக்கிலிருந்து வறண்ட காற்று வரும். உறைபனி, மேகமில்லாத காற்றில்லாத ராத்திரிகளில்தான் விழும். இதற்குக் காஸ் குழாய் ஹீட்டரும் பாய்லரும் வீண் செலவு. மேற்குப் பக்கமும் வடகிழக்குப் பக்கமும் சுவர் எழுப்புங்கள், வாசலை இந்தக் காற்றுகள் நேராக அடிக்காத பக்கம் வையுங்கள். ரோலிங் ஷட்டர் ராத்திரி பூட்டுவதற்கு மட்டும் இருக்கட்டும். அதன் பட்டைகளுக்குள் தண்ணீர் தங்கித் துருப்பிடிக்கும், வண்டிக்கு வண்டி ஏற்றி இறக்க ஆகாது.

பகலில் வாசலுக்கு லாரித் தார்ப்பாய்த் திரையைத் தண்டவாளத்தில் தொங்கவிட்டு இழுத்து மூடுவதுதான் நான் கண்டதில் நல்லது. கண் உயரத்தில் கண்ணாடி பிளாஸ்டிக் பட்டை ஒன்று தைத்துக்கொள்ளுங்கள், உள்ளே ஆள் நிற்பது டிரைவருக்குத் தெரிய வேண்டும். கீழ் ஓரத்தில் சங்கிலி வைத்துத் தைத்தால் காற்றில் பறக்காது. கோல்ட் ஸ்டோரேஜ்களில் தொங்கும் பிவிசி பட்டைத் திரையும் போடலாம், கொச்சியில் மீன் ஏற்றுமதி செய்யும் இடங்களில் அதைத்தான் போட்டிருப்பார்கள். நம் குளிருக்குச் சாதாரணப் பட்டையே போதும், கடுங்குளிருக்கென்று வரும் போலார் கிரேடு தேவையில்லை. ஆனால் வட்டவடை செம்மண் அந்தப் பட்டையில் ஒட்டி, அடுத்து நுழையும் வண்டியின் பெயிண்டில் கீறல் போடும். அதனால் அதையும் ஓரமாக இழுத்து ஒதுக்கக்கூடிய வகையாக வாங்குங்கள்.

கரி அடுப்போ கணப்போ திரை மூடிய ஷெட்டுக்குள் வைக்கவே வேண்டாம். காசு மிச்சம் என்று நிறையப் பேர் வைக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, புகையும் இல்லை, ஆள் உட்கார்ந்தபடியே சாய்ந்துவிடுவார். வண்டி எஞ்சினையும் திரைக்குள் ஓட விடாதீர்கள். காஸ் சிலிண்டரில் மாட்டும் குடை ஹீட்டருக்கும் இதே எச்சரிக்கை. கூடவே, ஒரு கிலோ காஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தண்ணீர் ஆவியாக வரும், ஏற்கெனவே ஈரமான ஷெட்டில் அது சுவரில் வழியும். சமையல் காஸ் காற்றைவிடக் கனம் என்பதால், கசிந்தால் சாக்கடைக் குழியில் போய்த் தேங்கி நெருப்புக்குக் காத்திருக்கும்.

நம் பையன்களுக்கு வேண்டியது வெந்நீர். 100 லிட்டர் தண்ணீரை 10 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குக் கொண்டுவர மூன்றரை யூனிட் ஆகும். சோலார் ஹீட்டரோ விறகு பாய்லரோ இருந்தால் அதுவும் மிச்சம். கையும் விறைக்காது, கிரீஸும் சீக்கிரம் விடும். பிரஷர் பம்புக்கு எவ்வளவு சூடான தண்ணீர் விடலாம் என்பதை அதன் தகட்டில் பார்த்துவிட்டு விடுங்கள். துடைக்கும் இடத்தில் மட்டும் தலைக்கு மேலே ஒன்றரைக் கிலோவாட் மின் கதிர்வீச்சு ஹீட்டர் ஒன்று வைக்கலாம். தண்ணீர் பட்டாலும் உள்ளே புகாத ஐபி 65 தரத்தில், பிரஷர் கன் எட்டாத உயரத்தில், கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. வழியாக இணைத்து, நல்ல எர்த் போட்டு. தண்ணீர் புகும் ஹீட்டரில் நீர் தெறித்தால் ஷாக் அடிக்கும். விலை குறைந்த வீட்டு ஹீட்டரை ஷெட்டுக்குள் கொண்டுவருகிறவர்கள் தொழிலாளியின் உயிரோடு விளையாடுகிறார்கள்.

டிசம்பர், ஜனவரியில் ராத்திரி கடை அடைக்கும்போது பம்பிலும் ஹோஸிலும் கன்னிலும் உள்ள தண்ணீரை முழுக்க வடித்துவிடுங்கள். உறையும் தண்ணீர் ஒன்பது சதவீதம் விரியும், பித்தளைப் பம்பு தலை கூட அதைத் தாங்காது. வெளிச்சுவரில் ஓடும் குழாய்களுக்குக் கறுப்பு ஃபோம் உறை போட்டு, மிகத் தாழ்வான இடத்தில் ஒரு வடிகால் வால்வு வைத்துவிட்டால், கடைசியாகப் போகிறவர் அதைத் திறந்துவிட்டுப் பூட்டலாம்.